நைஜீரியா எண்ணெய் வயல்: 3 சதவீத ஊர் நிதியும் கசிவு இழப்பீடும் ஒன்றா?

மதி_டெல்டா:
2021 பெட்ரோலியத் தொழில் சட்டப்படி, எண்ணெய் எடுக்கும் கம்பெனி அந்தப் பகுதி ஊர்களுக்காக அறக்கட்டளை அமைத்து ஆண்டுதோறும் 3 சதவீதம் போட வேண்டும். இது லாபத்தில் 3 சதவீதமா? யாராவது குழாயை உடைத்தால் அந்தப் பணம் மொத்தமும் போய்விடுமா?

கணக்காளர்:
லாபத்தில் இல்லை. முந்தைய நிதியாண்டின் இயக்கச் செலவில், அதாவது அன்றாடம் தொழிலை நடத்தும் செலவில், 3 சதவீதம். அதனால் நஷ்டம் காட்டித் தப்ப முடியாது. ஆனால் இயக்கச் செலவை மூலதனச் செலவு (கட்டுமானம், இயந்திரம் போன்றவை) தலைப்புக்குத் தள்ளினால் தொகை சுருங்கும். தணிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இயக்கச் செலவு 10 கோடி டாலர் என்றால் நிதி 30 லட்சம்: 22.5 லட்சம் மூலதனப் பணிகளுக்கு, 6 லட்சம் இருப்புக்கு, நிர்வாகத்துக்கு அதிகபட்சம் 1.5 லட்சம். நிர்வாகத்தில் மிஞ்சுவது மூலதனப் பணிக்கே திரும்ப வேண்டும்.

குழாய்வழி:
மொத்தமும் போகாது. பிரிவு 257-இன்படி, நாசவேலையால் சேதமானால் பழுதுபார்க்கும் செலவு அளவுக்கு அந்த ஆண்டு பங்கில் பிடிப்பார்கள். தொழில்நுட்பக் கோளாறு, இயற்கைக் காரணம் என்றால் பிடிக்கக் கூடாது. வெளியூர்த் திருடன் உடைத்தாலும் உள்ளூர்க்காரர்தான் பணத்தை இழக்கிறார். மோசமான விதி.

ஆகவே எல்லாமே கசிவின் காரணத்தில் நிற்கிறது. கம்பெனி, அரசு, ஊர்ப் பிரதிநிதிகள் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வில் அது ஒரு படிவத்தில் எழுதப்படும். உலோகம் மெலிந்து குழி விழுந்திருந்தால் அரிப்பு. ரம்பத் தடமோ துளைப்பான் போட்ட சீரான வட்டமோ இருந்தால் வெளியாள் கை. ஓட்டையை மூடும் பட்டையை (கிளாம்ப்) மாட்டிவிட்டால் எதுவும் தெரியாது. அதற்கு முன்பே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். படிவத்தில் கசிந்த அளவை எழுதும் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடவே வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் அதே படிவத்தில் எழுதுங்கள்.

சட்டக்குறிப்பு:
தலைப்புக்குப் பதில்: இரண்டும் வேறு. தொழில் நிறுவனங்களும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா.வின் 2011 வழிகாட்டுக் கோட்பாடுகளில் 11-ஆவதன் விளக்கம் நேரடியாகவே சொல்கிறது: வேறு நற்பணி செய்வது உரிமை மீறலை ஈடுகட்டாது.

நைஜர் டெல்டாவின் போடோ ஊரில் 2008-இல் கசிந்த எண்ணெயின் அளவை ஷெல்லின் துணை நிறுவனம் குறைத்துச் சொன்னது. பிறகு அது தவறென்று ஒப்புக்கொண்டது. லண்டன் வழக்கில் 2015-இல் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம்: 3.5 கோடி தனிநபர்களுக்கு, 2 கோடி ஊருக்கு. அதற்குப் பிறகும் சுத்திகரிப்பு தனி வேலையாகவே நின்றது.

மதி_டெல்டா:
அறக்கட்டளை கட்டிய ஆஸ்பத்திரியைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கேட்டால்?

சட்டக்குறிப்பு:
மறுத்துவிடுங்கள். சமரச ஒப்பந்தத்தில் "அறக்கட்டளைத் தொகை இழப்பீட்டில் கழிக்கப்படாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். "சுத்திகரிப்பு உட்பட அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்து.