‘சைக்கிளிங்’: தொட்டிச் சுழற்சியா, தொட்டி பழக்கலா?

மடல் 1 – சிங்கப்பூர்

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கும் நம்மவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 90 × 45 × 50 செ.மீ. தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே 200 கிலோவுக்கு மேல். கண்ணாடி, கல், மணல், அடியில் வைக்கும் அலமாரி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தொடும், அதனால் அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள் என்பது வரை தமிழ் தடையில்லாமல் ஓடியது. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 25, 26 டிகிரி என்பதிலும் சிக்கலில்லை. நான்காம் பக்கத்தில் ‘சைக்கிளிங்’ வந்தது, அதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் அங்கே நின்றுவிட்டேன்.

மீன் வளர்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். உப்புநீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். அதை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம் இன்னொன்று. இவை கல்லிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் இல்லாமலே தினம் கொஞ்சம் அமோனியா சேர்த்து இவற்றுக்குத் தீனி கொடுப்பார்கள். இந்தக் காத்திருப்புக்குத்தான் ‘சைக்கிளிங்’ என்று பெயர். கடல்நீரின் பி.எச். 8.1, 8.2 என்று இருப்பதால், அதே அளவு அமோனியா நடுநிலையான நன்னீரில் செய்வதைவிட இங்கே கூடுதல் கேடு செய்யும். ஆகவே பொறுமை வேண்டும்.

முதல் வரைவில் ‘தொட்டியைச் சுழற்சிக்கு உட்படுத்துதல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மைத்துனர் தொட்டி வாங்கி, மோட்டாரை இரண்டு நாள் ஓடவிட்டு, “நல்லா சுத்திடுச்சு அத்தான்” என்று சொல்லி இரண்டு கோமாளி மீன்களை விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் இரண்டும் மிதந்தன. அவர்மேல் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ‘சுழற்சி’ என்றால் தண்ணீர் சுற்றுவது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. தொட்டியில் நடப்பது பெரும்பாலும் சுழற்சியே இல்லை. அமோனியா நைட்ரேட்டாகி அங்கேயே தேங்குகிறது. நாம் வாளியில் மொண்டு கொட்டிப் புதுநீர் விடுகிறோம். கல்லின் உள்ளே உயிர்வளி குறைந்த இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுவது உண்டு. ஆனால் புதுத் தொட்டியில் அது பேருக்குத்தான்.

என் பரிந்துரை: ‘தொட்டி பழக்கல்’. புது மண்சட்டி வாங்கினால் அன்றே குழம்பு வைப்பதில்லை. ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, சில நாள் பழக்குகிறோம். இரும்புத் தோசைக்கல்லுக்கும் அப்படித்தான். ‘சட்டி பழகிடுச்சா?’ என்று கேட்கும் வீட்டில் ‘தொட்டி பழகிடுச்சா?’ என்று கேட்டால் யாருக்கும் விளங்கும். நாள் ஆகும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மடல் 2 – திருச்சி

ஐயா, வணக்கம்.

> ‘சட்டி பழகிடுச்சா?’ என்று கேட்கும் வீட்டில்

முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் ஒரு தடை. சட்டியைப் பழக்கும்போது அதன் நுண்துளைகளைக் கஞ்சி அடைக்கிறது. உயிர் எதுவும் அங்கே குடியேறுவதில்லை. உவமை இனிப்பாக இருக்கிறது என்பதற்காகக் கலைச்சொல் ஆக்கிவிடலாமா? பள்ளியில் ‘நைட்ரஜன் சுழற்சி’ படித்த பிள்ளை உங்கள் கையேட்டைப் பார்த்தால் இரண்டையும் எப்படி இணைக்கும்? ‘நைட்ரஜன் நிலைப்படுத்தல்’ என்றால் வேதியியல் தொடர்பும் அறாது, சுற்றும் குழப்பமும் வராது.

மடல் 3 – யாழ்ப்பாணம்

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. ‘நைட்ரஜன் நிலைப்படுத்தல்’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயர். அவரைச் செடியின் வேரில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தொட்டியில் அமோனியாவைத் தொலைக்கத்தானே பாடுபடுகிறோம்! எங்கள் பாடநூல்களில் ‘நைதரசன் வட்டம்’ என்று வரும். அதை வைத்துத் ‘தொட்டியை வட்டமாக்கல்’ என்று எழுதினால் சிங்கப்பூர் அண்ணாவின் மைத்துனர் வட்டத் தொட்டியே வாங்கிவிடுவார்.

‘பழக்கல்’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் கடையிலிருந்து கொண்டுவரும் மீனை, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் போலப் பழக்குகிறோமே, அதற்கு என்ன சொல்வது? ஒரே சொல் ஆறு வாரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் வந்தால் திரும்பவும் மீன்தான் சாகும்.

தொட்டிக்கு ‘உறையிடல்’ என்றால் என்ன? பழைய தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புதுத் தொட்டியில் போட்டால் பாக்டீரியா பரவுகிறது. பாலுக்கு ஒரு கரண்டி மோர் விடுவதும் இதே வேலைதான். உயிர் இல்லையே என்று ஆசிரியர் ஐயா இதில் குறை சொல்ல முடியாது.

அப்புறம், கையேட்டு வரைவில் ‘பவளப்பாறைத் தொட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நாங்கள் ‘முருகைக்கல்’ என்போம். ‘முருகைத் தொட்டி’ சின்னதாக, அழகாக இருக்கிறது, யோசியுங்கள்.

மடல் 4 – தூத்துக்குடி

பவளப்பாறைக்கு எங்கள் ஊர் மீனவர்களின் சொல் ‘பார்’. முத்துக் குளித்த காலத்துத் தோலாயிரம் பார் இன்றும் பேச்சில் உண்டு. ஆனால் ‘வீட்டில் ஒரு பார் வைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் வேறு வகைக் கூட்டம் வாசலில் நிற்கும். அதனால் வற்புறுத்தவில்லை.

சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் சேருங்கள். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி அள்ளிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர்க் கடையில் வாங்குவதை இங்கே இருப்பவர் கடற்கரையில் தேடிவிடக் கூடாது. செயற்கைக் கல்லிலும் பாக்டீரியா நன்றாகவே ஒட்டும். என் தொட்டியில் அதுதான் இருக்கிறது.

மடல் 5 – சிங்கப்பூர்

எல்லோருக்கும் நன்றி. தூத்துக்குடி நண்பர் சொன்ன எச்சரிக்கை முதல் பக்கத்துக்கே போய்விட்டது.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி சொன்ன ‘உறை’யை விட மனம் வரவில்லை, முழுதாக ஏற்கவும் முடியவில்லை. ‘தொட்டி உறைந்துவிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன். பனிக்கட்டிதான் கண்ணில் தெரிகிறது. ஆனால் பழைய தொட்டியின் கல், ஒரு பிடி மணல், புட்டியில் விற்கும் பாக்டீரியா இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக ‘உறை’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைத் தொட்டியில் சேர்ப்பது உறையிடல். உறையிட்டாலும் இடாவிட்டாலும் பாக்டீரியா நிலைக்கும் வரை காத்திருப்பது பழக்கல். ஆங்கிலத்திலேயே பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு வேலைகள் நமக்குத் தனித்தனியே கிடைத்துவிட்டன.

மீனுக்கு வேறு சொல் வேண்டும் என்பது சரி. ‘அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை’ என்கிறோமே, அதைப் பிடித்து ‘நீரொப்பல்’ என்று முயன்றேன். ஒப்பாரி போல ஒலிக்கிறது என்று மனைவி தள்ளிவிட்டார். இப்போதைக்கு ‘நீரிணக்கம்’. இதைவிட நல்லது வந்தால் மாற்றலாம்.

ஆசிரியர் ஐயாவின் கவலைக்காகப் பழக்கல் முதன்முதலில் வரும் இடத்தில் நைட்ரஜன் சுழற்சியைப் படத்தோடு விளக்கி, இதில் எந்தப் பகுதி தொட்டியில் நடக்கிறது என்று காட்டிவிடுகிறேன். அவருக்கு இது முழுத் திருப்தி தராது என்று தெரியும். ‘முருகை’யை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன், தமிழ்நாட்டு வாசகர்கள் பழகினால் வெளியே எடுக்கலாம்.

அடுத்தது ‘ஸ்கிம்மர்’. நுண்குமிழிகளில் கரிமக் கழிவு ஒட்டி நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் வழியும் கருவி. உப்புநீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே இருப்பதால் கடல்நீர்த் தொட்டிக்கென்றே அமைந்தது. வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் அழுக்கு நுரையை வாருவதை நினைத்து ‘நுரைவாரி’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத்தொட்டியான ‘சம்ப்’ அப்படியே இருக்கட்டும். சென்னையில் வீட்டுக்கு வீடு தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் தொட்டிக்கு அதே பெயர்தான்.

மைத்துனர் மறுபடி தொடங்கியிருக்கிறார், இந்த முறை என் தொட்டிக் கல்லை உறையிட்டு. நேற்று சோதித்ததில் அமோனியா இல்லை. நைட்ரைட் மட்டும் இன்னும் ஊதா நிறம் காட்டுகிறது. படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: “இன்னும் பழகலை அத்தான்.”