வெளிநாட்டு விமான நிறுவனத்தின் பங்கு இருந்தால் வேலைக்குப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி – தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வணிகவியலில் பட்டம் பெற்று, விமான நிலையப் பணிக்கான பயிற்சியையும் முடித்திருக்கிறாள். இப்போது அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, மீனம்பாக்கத்தில் ஓர் உள்நாட்டு விமான நிறுவனத்தின் பயணிகள் சேவைப் பிரிவு. மற்றொன்று, ராஜாஜி சாலையில் துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம். சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மகளின் மனம் விமான நிலையத்தின் மீதுதான் இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமலே விமான நிலையம் வரை போய்விடலாம் என்பதால் போக்குவரத்திலும் சிரமம் இல்லை.

வீட்டில் நடக்கும் விவாதம் வேறு. அந்த நிறுவனத்தில் ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் பங்கு வாங்கியிருக்கிறது, அவ்வளவு பணத்தைப் போட்டவர்கள் அதை மூழ்க விடமாட்டார்கள் என்று என் கொழுந்தனார் உறுதியாகச் சொல்கிறார். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது சீருடையோடு தெருவில் நின்ற ஊழியர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த என் கணவரோ, அதிலும் வெளிநாட்டுப் பங்கு இருந்ததே என்று கேட்கிறார். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பங்கு வாங்குகிறது என்றால் உண்மையில் எதை வாங்குகிறது? அதை நம்பி ஒரு பெண் வேலைக்குச் சேரலாமா? தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – மண்ணடி டிக்கெட் முகவர்

சகோதரி, நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணடியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பணம் போட்டவருக்கு அக்கறை இருக்கும் என்று உங்கள் கொழுந்தனார் சொல்வது சரிதான். ஆனால் எதன் மீது அக்கறை என்பதைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இந்திய விமான நிறுவனங்களில் 49 சதவீதம் வரை பங்கு வாங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்ததே 2012 செப்டம்பரில்தான். (கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த கிங்ஃபிஷர் விமான நிறுவனம் இப்படி ஒரு கதவு திறக்காதா என்று காத்திருந்தது; கதவு திறந்த அடுத்த மாதமே அதன் விமானங்கள் நின்றுவிட்டன.) 2013இல் அபுதாபியின் எத்திஹாத் நிறுவனம் ஜெட் ஏர்வேஸில் 24 சதவீதப் பங்கைச் சுமார் 2,058 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பங்கு ஒன்றுக்குக் கொடுத்த விலை 754 ரூபாய் 74 காசு. அது அன்றைய சந்தை விலையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு விடை பங்குச் சந்தையில் இல்லை. இரண்டு நாடுகளுக்கிடையே வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை விற்கலாம் என்பதை அந்தந்த அரசுகள் பேசி முடிவு செய்கின்றன. இந்தியாவுக்கும் அபுதாபிக்கும் இடையே அதுவரை வாரத்துக்குச் சுமார் 13,330 ஆக இருந்த அந்த எண்ணிக்கையைப் படிப்படியாக 50,000 வரை உயர்த்த அதே காலத்தில்தான் ஒப்பந்தமானது. இதனுடன், லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் ஜெட்டுக்கு இருந்த மூன்று நேர உரிமைகளை (குறிப்பிட்ட நேரத்தில் விமானம் இறங்கவும் ஏறவும் உள்ள அனுமதி) 7 கோடி டாலருக்கு வாங்கி ஜெட்டுக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஜெட் பயணிகளுக்குப் புள்ளிகள் வழங்கிய ஜெட்பிரிவிலேஜ் திட்டத்திலும் பாதிக்குச் சற்று அதிகமான பங்கை எடுத்துக்கொண்டார்கள். என் மேசையில் இதன் பொருள் கண்கூடாகத் தெரிந்தது. மான்செஸ்டருக்கோ டொராண்டோவுக்கோ டிக்கெட் கேட்டு வருகிறவருக்குத் திரையில் அபுதாபி வழியான இணைப்புகள் வரிசையாக வந்து நின்றன. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும், அதன் கீழே சிறிய எழுத்தில் விமானத்தை இயக்குவது வேறொரு நிறுவனம் என்று போட்டிருக்கும். அவர்கள் விலை கொடுத்தது நம் ஊர்ப் பயணிகளுக்காக, சகோதரி. 2019இல் ஜெட் கடைசி மூச்சில் இருந்தபோது அவர்கள் புதிதாகப் பணம் இறக்கவில்லை. அந்தப் புள்ளித் திட்டம் மட்டும் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, விமான நிறுவனம் நின்ற பிறகும் நடந்தது.

பதில் – பெரம்பூர் தணிக்கையாளர்

மண்ணடி நண்பர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமே. 24 சதவீதம் என்ற எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தில் 25 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், பொதுமக்களிடமிருந்து மேலும் 26 சதவீதத்தை வாங்க முன்வர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி சொல்கிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு படி கீழேயே நின்றுகொண்டார்கள். மேலும், 2012ஆம் ஆண்டு அனுமதியிலேயே தலைவரும் இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும், கட்டுப்பாடு இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆகவே வெளிநாட்டுப் பங்காளி பயணச் செலவில் பங்கு தருகிறவரே தவிர, சுக்கானைப் பிடிக்கிறவர் அல்லர். கப்பல் சாய்ந்தால் அவர் தம் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு இறங்கிப் போகலாம். எத்திஹாத் 49 சதவீதம் வைத்திருந்த இத்தாலியின் அலிடாலியாவும், ஏறத்தாழ 29 சதவீதம் வைத்திருந்த ஜெர்மனியின் ஏர் பெர்லினும் 2017இல் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துப் போயின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாடா குழுமம் 51, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49 என்று தொடங்கிய விஸ்தாரா 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் நஷ்டத்தையே பார்த்தது, ஆனாலும் நிற்கவில்லை. 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது, சிங்கப்பூர் நிறுவனம் அதில் 25.1 சதவீதத்தோடு தொடர்கிறது. மலேசியாவின் ஏர் ஏசியா பங்கு வைத்திருந்த ஏர் ஏசியா இந்தியாவில், வெளிநாட்டுப் பங்காளி படிப்படியாக விலகி 2022இல் முழுவதுமாக வெளியேறியபோதும் விமானங்கள் நிற்கவில்லை, ஏனென்றால் மீதிப் பங்கை வைத்திருந்த டாடா அதையும் வாங்கிக்கொண்டது. ஜெட்டில் அந்த மீதிப் பக்கத்தில் பணம் போடும் வலு இல்லாமல் போயிற்று. எனவே அம்மா, நீங்கள் பார்க்க வேண்டியது வெளிநாட்டுக்காரரின் 24 அல்லது 49 அன்று. மீதி 76 அல்லது 51 யாரிடம் இருக்கிறது, கெட்ட காலத்தில் அவரால் எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்பதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பகுதி. திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, நிறுவனத்தைக் கலைக்கும்போது தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவை, பிணை வைத்திருக்கும் வங்கிகளின் கடனோடு சம வரிசையில் வரும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கு 12 மாத நிலுவை மட்டும், அதுவும் அதற்கு அடுத்த வரிசையில். ஜெட்டைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7 அன்று. விமானங்கள் நின்று ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதில் – திருவொற்றியூர், ஓய்வு பெற்றவர்

நான் மீனம்பாக்கத்தில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பெரியவர்கள் இருவரும் நிறுவனத்தைப் பற்றி விளக்கிவிட்டார்கள், நான் உங்கள் மகளின் வேலையைப் பற்றிக் கேட்கிறேன். அவளுக்கு வந்த பணி நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது? கவுன்டரில் நிற்பவர் விமான நிறுவனத்தின் நிறத்தில் சீருடை போட்டிருப்பார், கழுத்தில் அதன் முத்திரை பொறித்த பட்டை தொங்கும், ஆனால் சம்பளம் கொடுப்பது பல நேரங்களில் தரைப்பணியை ஒப்பந்தம் எடுத்த வேறு நிறுவனமாக இருக்கும். தயவுசெய்து கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா.

தண்டையார்பேட்டைவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா கேட்ட பிறகுதான் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தோம். மேலே இருப்பது நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயர். விமான நிறுவனத்தின் பெயர் இரண்டாம் பக்கத்தில், பணியிடம் என்ற வரியில் மட்டும் வருகிறது. பணிக்காலம் 11 மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும் என்றும் இருக்கிறது. என் மகள் அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

பதில் – திருவொற்றியூர், ஓய்வு பெற்றவர்

அப்படியானால் வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் உங்கள் மகளின் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதனால் மனம் உடைய வேண்டாம், ஏனென்றால் ஒப்பந்த நிறுவனம் நான்கைந்து விமான நிறுவனங்களுக்கு வேலை செய்வதாக இருந்தால், ஒன்று நின்றாலும் இன்னொன்றின் கவுன்டருக்கு மாற்ற வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமைக்கு முன் மகளை நேரில் போய் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த விமான நிலையத்தில் அவர்கள் எத்தனை நிறுவனங்களுக்குப் பணி செய்கிறார்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும், 11 மாதம் முடிந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அதுவரை ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு மறுப்புச் சொல்லிவிடாதீர்கள்.