சென்னைக்கு அருகில் ஓய்வுக்காலம்: திருவள்ளூரா, செங்கல்பட்டா, இ.சி.ஆரா?

வில்லிவாக்கம்வாசி:

அடுத்த ஜூனில் ரிட்டயர் ஆகிறேன். வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடியில் பழைய ஃபிளாட், சொந்தம்தான், லிஃப்ட் கிடையாது. அதை விற்றுவிட்டு, சென்னைக்கு வந்துபோகிற தூரத்தில் ஒரு சின்ன வீடு வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று எண்ணம். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மனைவிக்கு மூட்டுவலி. கார் இல்லை, ஸ்கூட்டர்தான். மகள் பெங்களூரில், மகன் வெளிநாட்டில். அறுபது லட்சத்துக்குள் முடிய வேண்டும்.

பட்டியலில் இருப்பவை திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அப்புறம் இ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்காவது. எனக்குக் கடல் ஆசை, அவளுக்குக் கோயில் ஆசை. முதியோர் குடியிருப்பு விளம்பரங்களும் தினம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. அங்கேயே வசிப்பவர்கள் சொல்லுங்கள். "அமைதியான சூழல் சார்" என்று புரோக்கர்கள் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அலுத்துவிட்டது.

உப்புக்காற்று:

இ.சி.ஆரில் இருக்கிறேன், அதனால் கடல் ஆசைக்கு முதலில் நானே பதில் சொல்லிவிடுகிறேன். காலையில் மணலில் நடப்பது சுகம், அதில் பொய் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் ரயில் கிடையாது. பஸ் உண்டு, மெயின் ரோட்டில் மட்டும். வீடு உள்ளே தள்ளியிருந்தால் ரோடு வரை நடை, இல்லாவிட்டால் ஆட்டோ, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆட்டோவுக்கும் தெரிந்தவர் நம்பர் வேண்டும். சனி ஞாயிறு வந்தால் ஊரே காரில் இந்தப் பக்கம் கிளம்பிவிடும், அன்றைக்கு ஆம்புலன்ஸும் அந்தக் கூட்டத்தில்தான் வர வேண்டும்.

தண்ணீர் இன்னொரு கதை. மணல் பூமி, மேலாக நல்ல தண்ணீர் நிற்கும், எல்லோரும் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வருகிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் தண்ணீர் பெரும்பாலும் சென்னைக்குப் போகிறது. ஜன்னல் கிரில், ஏ.சி. காயில், கேட் கீல் எல்லாம் துருப்பிடிக்கும், பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் கார் இல்லாமல் இங்கே குடி வருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடல் பார்க்க வேண்டுமா, பஸ் ஏறி வாருங்கள், எங்கள் வீட்டில் காபி தருகிறேன்.

மேற்கு லைன்:

திருவள்ளூரில் குடியிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் பாரபட்சமாகவே பேசுவேன்.

உங்கள் விஷயத்தில் ஒன்றை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். நீங்கள் இருப்பது வில்லிவாக்கம். உங்கள் நண்பர்கள், டாக்டர், பேங்க், கல்யாண வீடுகள் எல்லாம் அண்ணா நகர், அம்பத்தூர், ஆவடி என்றுதான் இருக்கும். திருவள்ளூர் அதே அரக்கோணம் லைன். ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பழைய ஏரியாவில் இறங்கலாம், வண்டி மாற வேண்டாம். செங்கல்பட்டு போனால் சென்ட்ரல் பக்கம் வந்து, பூங்கா ஸ்டேஷனுக்குக் கடந்து, வேறு லைன் பிடிக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அந்தப் படிக்கட்டு ஒன்றே போதும், வெளியே போகிற ஆசையே விட்டுப்போகும். மகள் வீட்டுக்குப் போக அரக்கோணம் பக்கத்தில்தான், பெங்களூர் போகிற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும்.

கோயில் ஆசைக்கு வீரராகவப் பெருமாள். வைத்திய வீரராகவர் என்றே பெயர், நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அமாவாசை அன்று மட்டும் கோயில் பக்கம் வீடு பார்த்தவர்கள் பாவம், தர்ப்பணக் கூட்டத்தில் தெருவுக்குள் ஆட்டோ நுழையாது. கோயிலுக்கு நடக்கிற தூரம் வேண்டும், கோயில் தெருவே வேண்டாம்.

ஊருக்குள்ளேயே அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்தது. ஆனால் கட்டடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய கேள்வி வேறு. நெஞ்சுவலி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆஞ்சியோ செய்ய ஆள் இருக்கிற இடம் எது, வீட்டிலிருந்து அங்கே எவ்வளவு நேரம்? இதை அரசு ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள், பூந்தமல்லி பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கேளுங்கள், போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரைக்குக் கவலை இல்லை, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து வீட்டுக்கே வருகிறது.

குறை? வெயில். கடல்காற்று சென்னைக்கு வந்து, யோசித்து, எங்களுக்கு வர சாயங்காலம் ஆகும். மே மாதம் கொடுமை. கொசுவும் உண்டு. பெரிய கடைகளை எதிர்பார்க்காதீர்கள்.

ஏரிக்கரை:

செங்கல்பட்டுக்காரன். மேலே சொன்னவர் எங்கள் ஊரைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிட்டார். எங்கள் மருத்துவக் கல்லூரி 1965இலிருந்து இருக்கிறது, மொத்த மாவட்டமும் அங்கேதான் வருகிறது. சென்னை பீச் ஸ்டேஷன் லைனில் ரயில், 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. லோக்கலும் விட்டிருக்கிறார்கள். தெற்கே போகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம். ஆனால் உங்களுக்குச் சொந்தபந்தம் தெற்கே இல்லையென்றால் இதெல்லாம் பெரிய லாபமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பொங்கல், தீபாவளி சமயம் பரனூர் டோல்கேட்டில் நிற்கிற வரிசையைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த ஊரானாலும் ஒன்று. எங்கள் மாவட்டமும் உங்கள் திருவள்ளூரும் ஏரிகளால் ஆனவை. மனை விற்பவர் ஏரி வியூ என்பார். நீங்கள் கேட்க வேண்டியது, ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழியும் வாய்) தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான். 2015இல் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அந்தப் பக்கம் மறுபடி தண்ணீர். வீட்டை மே மாதம் போய்ப் பார்க்காதீர்கள். நவம்பரில், இரண்டு நாள் நல்ல மழை அடித்த மறுநாள் போங்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா, ரோடு வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டதா, பாருங்கள். தெருமுனை டீக்கடைக்காரர் உண்மையைச் சொல்வார், அவருக்குக் கமிஷன் இல்லை.

காஞ்சிபுரம் பற்றி யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குக் குறைவில்லை, ரயில் குறைவு, பஸ்தான் கதி. உங்களுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

தாய்ப்பத்திரம்:

ஆவணம் பார்ப்பது தொழில், அதனால் பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

அவசரப்பட்டு ஃபிளாட்டை விற்காதீர்கள். விற்ற நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். லாபத்துக்கு வரி கட்டாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், கட்டுவதென்றால் மூன்று வருடம். அந்தக் கெடுவை நினைத்துக் கிடைத்ததை வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனி வீடோ பழைய ஃபிளாட்டோ வாங்கினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஐம்பது லட்சத்துக்கு நாலரை லட்சம். ஊர் பிடிக்கவில்லை என்று திருப்பி விற்றால் அது போனது போனதுதான்.

ஆகவே உங்கள் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, போகிற ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதியுங்கள், புதுச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது (நடைமுறையில் கேட்கத்தான் செய்வார்கள்). பிடித்து வாங்குகிற நாள் வந்தால் முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அங்கீகார வரைபடம் நான்கையும் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம். மேய்க்கால் புறம்போக்கை (அரசு மேய்ச்சல் நிலம்) மனை போட்டு விற்ற கதை இந்த மாவட்டங்களில் உண்டு.

முதியோர் குடியிருப்பைப் பற்றி: எங்கள் பெரியம்மா ஒன்றில் இருக்கிறார், பெயர் வேண்டாம். கைப்பிடி, அவசர மணி, வழுக்காத தரை, வேளைக்குச் சாப்பாடு, எல்லாம் சரி. ஆனால் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, சமையல் காண்டிராக்ட் கைமாறிய பிறகு சாப்பாடு ஒரே புளி. யாரிடம் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படியுங்கள். கட்டணத்தை எதன் அடிப்படையில் உயர்த்துவார்கள், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா, உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் அதை யாருக்கு விற்கலாம். வயது வரம்பு உள்ள வீட்டுக்கு வாங்குகிற ஆளும் குறைவு.

மாடிப்படி:

எல்லோரும் ஊர் ஊராகப் பேசுகிறீர்கள். கேள்வியை மறுபடி படியுங்கள். அவருக்குப் பிரச்சினை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சென்னை அவரை என்ன செய்தது? காய்கறி, பேங்க், டாக்டர், பழகிய மெடிக்கல் ஷாப் எல்லாம் நடக்கிற தூரத்தில். அறுபது வயதுக்கு மேல் மாநகரப் பஸ்ஸில் மாதம் பத்து டோக்கன் இலவசம். அதே ஏரியாவில் லிஃப்ட் உள்ள இடத்துக்கு வாடகைக்கு மாறினால் கதை முடிந்தது. உங்கள் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவும் வழி உண்டு, 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அசோசியேஷனில் பேச்சு எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். ஒருவர் முந்திப் போவார். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் முந்திப் போனால் மற்றவர் அந்த ஊரில் எப்படி நடமாடுவார்? மனைவிக்கு எந்த இடம் சரிப்படும் என்று முடிவு செய்யுங்கள், கடலைப் பிறகு பார்க்கலாம்.

வில்லிவாக்கம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக எழுதியவரின் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இவர் யாரோ, சரியாகச் சொல்கிறார்" என்றாள், ஆனால் பெருமாளையும் விட மனசில்லை. அசோசியேஷனில் இடித்துக் கட்டுகிற பேச்சை இரண்டு பேர் எடுத்தார்கள், ஐந்து பேர் முறைத்தார்கள், அது இப்போதைக்கு நகராது.

இ.சி.ஆரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஃபிளாட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டு, திருவள்ளூரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று பேசியிருக்கிறோம், பிடிக்காவிட்டால் வில்லிவாக்கத்திலேயே லிஃப்ட் உள்ள இடம். மேற்கு லைன் சார், ஒரு சந்தேகம். மூட்டுவலிக்குத் தரைத்தளம் வேண்டும், மழைத் தண்ணீருக்கு மாடி வேண்டும். உங்கள் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து எந்தப் பக்கம் தேடுவது?

மேற்கு லைன்:

நவம்பர் மழையில் ஒரு நாள் வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ரோட்டிலிருந்து நான்கைந்து படி உயர்த்திக் கட்டிய தரைத்தளமாகத் தேடுங்கள், படிக்குப் பக்கத்தில் கைப்பிடி போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்டேஷனில் இறங்கி எனக்கு மெசேஜ் போடுங்கள். அமாவாசையாகப் பார்த்து வந்துவிடாதீர்கள்.