ஒரே ஈட்டில் பொரித்த இரண்டு கார்ன் பாம்புகள்: எங்களுடையது 27 கிராம், அவர்களுடையது 91 கிராம்

ராலே_அப்பா கேட்டது:

வணக்கம். நார்த் கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். போன ஆகஸ்டில் ஒரு ஊர்வன கண்காட்சியில் மகளுக்கு கார்ன் பாம்புக்குட்டி (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) ஒன்று வாங்கினோம். அன்றைக்கு 7 கிராம். பென்சில் தடிமன்கூட இல்லை. அதே மேசையில், அதே ஈட்டில் பொரித்த இன்னொன்றை மகளின் தோழி வீட்டில் வாங்கினார்கள். இப்போது ஏப்ரல். எங்கள் 'சுருளி' 27 கிராம், அவர்களுடையது 91. நேற்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உடன்பிறப்பு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வீடு திரும்பும்வரை மகள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

விற்றவர் கொடுத்த சீட்டில் "வாரம் ஒரு பிங்கி" என்று இருந்தது, அதாவது மயிர் முளைக்காத பிறந்த எலிக்குஞ்சு. ஞாயிறு தவறாமல் அதைத்தான் செய்கிறோம். டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து ஐந்து வாரம் எதையும் தொடவில்லை, அப்புறம் தானாகவே தின்னத் தொடங்கியது. தோழி வீட்டில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு குஞ்சு.

போன மாதம் உரித்த சட்டையை அளந்தேன், 60 செ.மீ. கூண்டு பேஸ்மென்டில் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 82 ஃபாரன்ஹீட் காட்டுகிறது. ஊரிலிருந்து அம்மா, "ஒரு கிண்ணம் பால் வைத்துப் பாரேன்" என்கிறார்.

எங்கள் குட்டியின் வளர்ச்சியை நாங்களே கெடுத்துவிட்டோமா? வாரம் இரண்டு முறையாக மாற்றினால் எட்டிப் பிடிக்குமா?

பாம்பாட்டி_88:

பட்டினி போட்டிருக்கிறீர்கள், வேறென்ன. இன்றிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை போடுங்கள். என் கார்ன் ஒன்றரை வருடத்தில் 300 கிராம் தாண்டியது.

ஸ்கார்பரோ_அக்கா:

தம்பி, மேலே இருக்கும் பதிலைக் கேட்டு இன்றைக்கே ஃப்ரீசரிலிருந்து நாலு எலிக்குஞ்சு எடுத்துக் கரைய வைத்துவிட வேண்டாம். முதலில் என் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இப்போது இருக்கும் கார்னுக்கு 17 வயது. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது, ஆறு வயதில் போய்விட்டது. அதற்கு நான் கொடுத்த தீனி உங்கள் தோழி வீட்டைவிட மோசம். கேட்டால் கொடுப்பேன், கார்னோ எப்போதும் கேட்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் நடந்தாலே தலையைத் தூக்கிப் பின்னால் வரும், நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வயதில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு பெரிசு!" என்றார்கள், எனக்கும் பெருமைதான். இறந்த பிறகு மருத்துவர் திறந்து காட்டினார். வயிற்றின் பின்பாதி முழுக்க வெளிர் மஞ்சளாக உருண்டை உருண்டையாகக் கொழுப்பு. கல்லீரல் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, உருக்க வைத்த வெண்ணெய் நிறத்தில் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கையுறையைக் கழற்றியபடியே, "வாரம் எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே 91 கிராம் என்பது போட்டியில் வாங்கிய மார்க் இல்லை. பாம்பு கிடைப்பதைப் பொறுத்து வளரும். நிறையக் கிடைத்தால் வேகமாக, குறைவாகக் கிடைத்தால் மெதுவாக. அதனால்தான் ஒரே ஈட்டுக் குட்டிகள்கூட இப்படி மூன்று மடங்கு விலகிப்போகின்றன. மெதுவாக வளர்வது நோய் இல்லை.

சரி, உங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. அது வாரக் கணக்கில் இல்லை, குஞ்சின் அளவில் இருக்கிறது. ஒரு பிங்கி சுமார் 2 கிராம் என்று வையுங்கள். 7 கிராம் குட்டிக்கு அது கால் பங்குக்கும் மேல், பெரிய விருந்து. அதே பிங்கி 27 கிராம் குட்டிக்கு ஏழு சதவீதம்தான். குட்டி வளர்ந்தது, தட்டு வளரவில்லை. அந்தச் சீட்டு முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு எழுதியது. போதாததற்கு, பிங்கியில் எலும்பு இன்னும் சரியாக முற்றியிருக்காது, கால்சியம் குறைவு. இந்த வயதில் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கணக்கு வையுங்கள். உங்களுக்கு 3 முதல் 4 கிராம், அதாவது பூனைமயிர் முளைத்த சின்ன எலிக்குஞ்சு (ஃபஸி) ஒன்று. தராசு இல்லாவிட்டால் கண்ணால் பாருங்கள்: பாம்பின் உடம்பு எங்கே மிகத் தடிமனோ அதே தடிமன், அல்லது கொஞ்சம் கூடுதல். விழுங்கிய பிறகு லேசாக ஒரு மேடு தெரிய வேண்டும். ஆறு, ஏழு நாளுக்கு ஒருமுறை போதும்.

இடைவெளி ஏன் என்றால், தின்றதும் பாம்பின் உடம்பு உள்ளே பெரிய வேலையைத் தொடங்குகிறது. பர்மிய மலைப்பாம்பில் ஓரிரு நாளில் சிறுகுடலின் எடையே ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கார்னில் அவ்வளவு நாடகம் இல்லை, ஆனாலும் செரித்து முடிக்க அதற்கும் நேரம் வேண்டும், சூடும் வேண்டும். முந்தையது உள்ளே இருக்கும்போதே அடுத்ததைத் திணித்தால் கக்கும். கக்கினால் பத்து நாளாவது சும்மா விட்டு, பிறகு பாதி அளவுக் குஞ்சு கொடுக்க வேண்டும்.

சூடு என்றதும் எனக்குச் சந்தேகம் உங்கள் வெப்பமானி மேல்தான். கண்ணாடியில் ஒட்டியது கண்ணாடியின் சூட்டைக் காட்டும். பாம்பு படுப்பது தரையில். கம்பி முனை உள்ளதாக ஒன்று வாங்கி, ஒளியும் பெட்டிக்குள் தரையில் வைத்துப் பாருங்கள். சூடான பக்கம் 84 முதல் 86 வேண்டும். குளிர்காலத்தில் கார்ன் தானாகவே உண்ணாமல் இருப்பதும் உண்டு, ஐந்து வாரத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் குளிர்ந்த பேஸ்மென்டும் சேர்ந்திருக்கலாம்.

சட்டையை அளக்காதீர்கள். உரியும்போது இழுபட்டு பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும். எடை பாருங்கள், சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே கிழமையில். நான் பழைய தோசைமாவு டப்பாவில் விட்டு, மூடி போட்டு, சமையல் தராசில் வைப்பேன். (அந்தத் தராசில் இனி உளுந்து நிறுக்க மாட்டேன் என்று வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

பால் வேண்டாம். பாம்புக்குப் பால் செரிக்காது. அம்மாவிடம் "தண்ணீர் வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள், பொய்யும் இல்லை.

டார்வின்வாசி:

அக்கா சொல்வது சரி, ஆனால் முதல் வருடம் முக்கியமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எங்கள் டார்வின் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபாக் டாம் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே காட்டில் திரியும் நீர் மலைப்பாம்புகளை மேட்சன், ஷைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பிடித்து அளந்து 2000-ல் எழுதினார்கள். எலி பெருகிய வருடத்தில் பொரித்த குட்டிகள், எலி குறைந்த வருடத்துக் குட்டிகளைவிடப் பிற்காலத்திலும் வேகமாக வளர்ந்தன. முதல் வருடச் சாப்பாடு பின்னால்வரை தொடர்கிறது.

ஸ்கார்பரோ_அக்கா:

நல்ல தகவல். மறுக்கவில்லை. அதனால்தான் பிங்கியிலேயே நிற்காதீர்கள் என்றேன். ஆனால் அது எலிக்காக வெள்ளத்தையும் வறட்சியையும் தாண்டும் காட்டுப் பாம்பு. அங்கே சீக்கிரம் பெரிதாவது லாபம். கண்ணாடிப் பெட்டியில் ஞாயிறுதோறும் சாப்பாடு வருகிற சுருளிக்கு என்ன அவசரம்? கடைசியில் கொஞ்சம் சின்ன கார்னாக நின்றாலும் நஷ்டமில்லை.

தோழி வீட்டுப் பாம்பை ஒருமுறை பாருங்கள். குறுக்கு வெட்டில் அடி தட்டையான பாண் (ரொட்டி) துண்டு மாதிரி இருக்க வேண்டும் உடம்பு. குழாய் மாதிரி உருண்டு, படுத்திருக்கும்போதே செதில்களுக்கு நடுவில் தோல் தெரிந்தால், வாலுக்கு முன்னால் திடீரென்று இடுப்பு வைத்திருந்தால், அவர்களுக்குத்தான் இந்தத் திரியை அனுப்ப வேண்டும்.

ராலே_அப்பா:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கம்பி வெப்பமானியைத் தரையில் வைத்தேன். 74! ஒட்டியிருந்ததை நான் விளக்குக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறேன். தெர்மோஸ்டாட் போட்டு இப்போது 85-இல் நிற்கிறது. முதல் ஃபஸியை சுருளி இரண்டு நிமிடம் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெந்நீரில் இன்னும் கொஞ்சம் சூடாக்கி இடுக்கியில் ஆட்டினோம், பாய்ந்து பிடித்தது. அன்று முதல் தவறவில்லை. இன்று காலை 36 கிராம். மகள் நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிறாள், அருகிலேயே டப்பாவின் எடையும்.

தோழி வீட்டில் திரியைக் காட்டினேன். பிப்ரவரியில் இரண்டு முறை கக்கியதை அப்போதுதான் சொன்னார்கள். இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றே ஒன்று.