இந்த ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்டை நம்பலாமா? லேப் நண்பர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எடுத்த தமனி ரத்தம். சர்க்கரை நோயாளி, சிறுநீரில் கீட்டோன் உண்டு. இப்போது தேறிவிட்டார். சந்தேகம் ரிப்போர்ட்டில்தான்.

பிஎச் 7.22, கார்பன் டை ஆக்சைடு 38, பைகார்பனேட் 15. சோடியம் 138, குளோரைடு 100. ஆனயான் இடைவெளி (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தது) 23, அதிகம். கீட்டோன் அமிலம்தான், அதில் குழப்பமில்லை. ஆனால் ரத்தத்தில் அமிலம் கூடும்போது மூச்சு வேகமாகி கார்பன் டை ஆக்சைடு எவ்வளவுக்கு இறங்கணும் என்று சொல்லும் விண்டர்ஸ் கணக்குப்படி (1.5 × பைகார்பனேட் 15 + 8) கார்பன் டை ஆக்சைடு 30.5க்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கணும். 38 என்றால் 'நார்மல்' என்று தாண்டிவிட முடியாது, மூச்சு தளர்ந்திருக்கலாம்.

அல்லது சாம்பிள் பழசாகியிருக்கலாம். பாலக்காட்டு லேபுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல், ஐஸ் இல்லாமல், வெயிலில். ரத்த அணுக்கள் சிரிஞ்சுக்குள்ளும் குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலம் விடும். பிஎச் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஆனால் 7 அளவு ஏறுமா? ஹெபாரின் (ரத்தம் உறையாமலிருக்கச் சிரிஞ்சில் சேர்க்கும் மருந்து) அதிகமானாலோ காற்றுக்குமிழி இருந்தாலோ கார்பன் டை ஆக்சைடு குறையத்தான் செய்யும், அதனால் அவை காரணமல்ல.

பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை அரை மணி நேரத்துக்குள் மெஷினில் ஓட்டணும் என்பது தெரியும். இங்கிருந்து அது நடக்காது. இப்படித் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? சிரை ரத்தமே போதுமென்று விடுகிறீர்களா? உலர் ஹெபாரின் சிரிஞ்ச் பொள்ளாச்சியில் சில்லறையாகக் கிடைக்குமா?