பைப் கேஸ்: கண்டதும் பட்டதும் எழுதுங்கள்

கருங்கல்காரி:
எர்ணாகுளத்தில் இருக்கிற மகள் வீடு மாறினபோது அவளுடைய அடுப்பை இங்கே கொண்டுவந்தோம். நாலு வருஷம் பைப் கேஸில் எரிந்த அடுப்பு. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. சிலிண்டர் ட்யூபை மாட்டி, புட்டுக்குடத்தை வைத்து லைட்டரைத் தட்டினேன். குபீரென்று மஞ்சள் தீ குடத்தின் கழுத்துக்கு மேல் எழும்பியது. நீலம் பொட்டுக்கூட இல்லை. திருகை அணைப்பதற்குள் முன்முடி பொசுங்கிய வாடை, குடம் முழுக்கக் கரி. அம்மை அடுக்களை வாசலில் நின்று, "இதுக்கு சிரட்டைய எரிச்சா போதுமே மக்ளே" என்றாள். அப்புறம் மெக்கானிக் வந்து ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் வருகிற துளையுள்ள சின்னத் திருகை, கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பைப் கேஸ் ஜெட்டுக்குத் துளை பெரிதாம். இப்போது மகன் இங்கே பைப் வந்தால் எடுக்கலாம் என்கிறான். எனக்கு அந்த மஞ்சள் தீதான் கண்ணில் நிற்கிறது.

வடசேரி மூணாம்மாடி:
அக்கா, அது ஜெட்டின் குற்றம், கேஸின் குற்றமா? எங்களுக்கு லிஃப்ட் கிடையாது. நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. போன மாசம் கொண்டுவந்தவருக்கு அறுபது இருக்கும். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து, மீதிப் படிக்கு நானே தூக்கினேன். கூட ஐம்பது ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்கதானே சார் தூக்கினீங்க" என்று இறங்கிப் போய்விட்டார். பைப் வந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

திங்கள்சந்தை:
வந்தால்தானே! ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று எங்கள் வீட்டில் சிலிண்டர் காலி. நாள்கணக்கில் கரண்ட் இல்லாததால் இண்டக்‌ஷன் அடுப்பு வெறும் பலகை. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடந்தன, ஒரு வருஷத்துக்கான விறகு. ஆனால் பால் வடிகிற பச்சை விறகு புகையுமே தவிர எரியாது. பரணில் கிடந்த கொதும்பை, காய்ந்த தென்னம்பாளையை, எரித்துக் கிழங்கு அவித்தோம். அன்றைக்குப் பைப் இருந்திருந்தால் என்று இப்பவும் நினைப்பேன்.

பூதப்பாண்டி:
அண்ணே, அதே ஒக்கியில் எங்கள் சக்கை மரம் வேரோடு புரண்டபோது தண்ணீர்க் குழாயையும் பிடுங்கிக்கொண்டுதான் விழுந்தது. கேஸ் குழாய் மட்டும் தப்புமா? "வந்தால்தானே" என்கிறீர்கள், ராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கி.மீ. குழாய் 2021 பிப்ரவரியிலேயே திறந்தாச்சு. தூத்துக்குடி என்ன அமெரிக்காவிலா இருக்கு?

குளச்சல், முன்னாள் மும்பை:
மும்பையில் 11 வருஷம் பைப் கேஸ். ஒரே ஒரு தடவை, தெருவில் யாரோ தோண்டி, மத்தியானம் மீன்குழம்பு பாதியில் நின்றது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசு, கசிந்தால் மேலே ஏறும். சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் கனம், தரையோடு படரும். அதனால் பைப் எடுக்கிறவர்கள் அடுக்களையில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வையுங்கள்; சிலிண்டர்காரர்கள் கீழே காற்றுப் போக வழி விடுங்கள். எதுவானாலும் நாற்றம் வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் இருக்கிறது, சுவரில் எழுதி ஒட்டுங்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் தரும் சூடு ஏறக்குறைய 17, 18 கன மீட்டர் பைப் கேஸுக்குச் சமம். மீட்டர் ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாடகை வீடு என்றால் முதலில் ஓனரிடம் கேளுங்கள், சுவரைத் துளைக்க வேண்டியிருக்கும். ரப்பர் ட்யூபில் போட்டிருக்கும் தேதியை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

வடசேரி மூணாம்மாடி:
ஓனரும் அதே மாடிதான் சார், அவருக்கும் முதுகுவலி.

கருங்கல்காரி:
ஜெட் மாற்றியாச்சு, இப்போது நீலமாகத்தான் எரிகிறது. புட்டுக்குடத்துக் கரிக்கு யாராவது வழி சொல்லுங்கள். சாம்பல், புளி இரண்டும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.