ஆல்பம் வேலைக்கு மதர்போர்டும் ரேமும்: நான்கு ஸ்டிக்கா, இரண்டா?

திண்டுக்கல் ஸ்டுடியோ
வணக்கம். சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று மாதம் ஏழெட்டு ஆர்டர் வரும். கேமரா சோனி ஏ7 எம்4, 33 மெகாபிக்சல். லைட்ரூமில் கலர் பார்த்துவிட்டு போட்டோஷாப்பில் 12x36 இஞ்ச் கரிஷ்மா ஆல்பம் ஷீட் போடுவோம்.

இப்போதுள்ள சிஸ்டம்: ஐ5 9400எஃப் பிராசஸர், எச்310 போர்டு, டிடிஆர்4 ரேம் 8+8 ஜிபி, சாட்டா எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. நாலு ஷீட் திறந்தால் மவுஸ் நின்றுவிடுகிறது. சேவ் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

கடையில் கொடுத்த கொட்டேஷன்: ரைசன் 7 9700எக்ஸ் பிராசஸர், எக்ஸ்870 போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ஸ்டிக் நான்கு. நாலு ஸ்லாட்டும் நிறைந்தால்தான் ஸ்பீடு என்கிறார். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறி நிற்கிறது, மொத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இவ்வளவும் தேவையா?

அசெம்பிள் அண்ணாச்சி
கொட்டேஷனை ஓரமாக வையுங்கள் தம்பி. வழக்கமாகத் திறக்கும் ஷீட்டுகளைத் திறந்து, மவுஸ் நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் இரண்டும் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் 64, 32 என்று நான் சொன்னால் ஜோசியம்.

திண்டுக்கல் ஸ்டுடியோ
பார்த்தேன் அண்ணாச்சி. மெமரி 15.4 ஜிபி, டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிபியு 20கூடத் தாண்டவில்லை.

அசெம்பிள் அண்ணாச்சி
அப்போ உங்கள் பிரச்சினை ரேம்தான். இடம் போதாமல் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் கொட்டி எடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12x36, 300 டிபிஐ என்றால் 3600 x 10800 பிக்சல், 3 கோடியே 88 லட்சம். 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 3 பைட். வெறும் பேக்ரவுண்டு லேயர் மட்டும் 117 எம்பி. 16 பிட்டில் 233. அதன் மேல் பத்து போட்டோவை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (ஒரிஜினலைக் கெடுக்காமல் உள்ளே வைக்கும் லேயர்) வைத்தால் ஒவ்வொன்றும் உள்ளே தன் முழு 33 மெகாபிக்சலையும் தூக்கிக்கொண்டு உட்காரும். அப்புறம் மாஸ்க், ஹிஸ்டரி. நாலு ஷீட், பின்னால் லைட்ரூம், பாட்டுக்கு ஒரு பிரவுசர். 16 ஜிபி எங்கே போதும்? போட்டோஷாப்புக்கு மெமரியில் 70 சதவீதம்தான் இயல்பாகவே ஒதுக்கியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சன்
நான் வேறு மாதிரி சொல்கிறேன். எச்310இல் இரண்டு ஸ்லாட்தான், ஆனால் 16+16 ஏறும். பழைய டிடிஆர்4 செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டு இந்த சீசனை ஓட்டிவிட்டு, ரேம் விலை இறங்கிய பிறகு புது சிஸ்டம் வாங்கக் கூடாதா?

அசெம்பிள் அண்ணாச்சி
காசு நெருக்கடி என்றால் அதுவும் வழிதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதிரி போர்டில் பெரும்பாலும் 32தான் உச்சவரம்பு. 9400எஃப்பில் ஆறு கோர், ஆறே திரெட். ஆயிரம் ரா ஃபைல் (கேமராவின் கச்சாப் படம்) எக்ஸ்போர்ட் கொடுத்தால் அங்கே மூச்சு வாங்கும். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) இருந்தாலும் எச்310 சிப்செட் பழைய, மெதுவான பிசிஐஇ 2.0தான் தரும், வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு லாபமில்லை. ஆல்பத்தில்தான் வருமானம் என்பவர் மாறிவிடுவதே நல்லது.

திண்டுக்கல் ஸ்டுடியோ
மாறுவதென்று முடிவு செய்துவிட்டேன். நாலு ஸ்டிக் விஷயம்?

ரிச்சி தெரு பழைய ஆள்
அதை நான் சொல்கிறேன் ப்ரோ, பத்து வருஷம் கவுண்டரில் நின்றவன். ஸ்லாட் நாலு இருந்தாலும் பிராசஸருக்குப் போகும் சேனல், அதாவது பாதை, இரண்டுதான். இரண்டு ஸ்டிக் போட்டாலே இரண்டு சேனலும் நிறைந்துவிடும். டிடிஆர்5இல் நாலு போட்டால் வேகம் ஏறாது, இறங்கும். ரைசன் 9000 பிராசஸர்களுக்கு அதன் கம்பெனி ஏஎம்டி அறிவித்த ரேம் வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5600, நான்குக்கு 3600. நல்ல போர்டில் அதைவிட மேலே ஓடுவதும் உண்டு, ஆனால் அது அதிர்ஷ்டம். கடையில் 16 ஜிபி ஸ்டிக் நிறைய தேங்கியிருக்கும், அதனால் அப்படிச் சொல்லியிருப்பார்.

ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வரும் 32x2 வாங்குங்கள். கையைக் கடித்தால் 24x2, மொத்தம் 48, உங்கள் வேலைக்கு அதுவும் தாராளம். இப்போதைக்கு 16x2, பிறகு இன்னொரு 16x2 சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்போதும் நாலு ஸ்டிக் பிரச்சினையில்தான் வந்து நிற்பீர்கள், அதுவும் வேறு வேறு பேட்ச்சில். 6000 ஸ்பீடு, சிஎல்30 (ரேமின் தாமத அளவு), எக்ஸ்போ (ரேமை அந்த வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) என்று போட்டது போதும். 7000க்கு மேல் போட்டிருப்பதெல்லாம் கேம் ஆடும் பையன்களுக்கு. ஆர்ஜிபி லைட் உள்ளது வேண்டாம், கல்யாண மண்டபமா என்ன.

திண்டுக்கல் ஸ்டுடியோ
போர்டு? எக்ஸ்870 என்றால் ரொம்ப வருஷம் வரும் என்கிறார்.

ரிச்சி தெரு பழைய ஆள்
வருஷம் கூடுவது சாக்கெட்டால், அதாவது பிராசஸர் உட்காரும் இடத்தால். ஏஎம்5 சாக்கெட் எல்லாம் ஒன்றுதான், பி650ஆக இருந்தாலும் எக்ஸ்870ஆக இருந்தாலும். 2027 வரைக்குமாவது ஏஎம்5 இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 9700எக்ஸ் 65 வாட் பிராசஸர், அதற்குப் பெரிய விஆர்எம் (போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) தேவையில்லை. எக்ஸ்870இல் யுஎஸ்பி4 என்ற அதிவேக போர்ட் கட்டாயம் இருக்கும், அதில் மாட்டும் டிரைவ் உங்களிடம் இல்லை.

உங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்: எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு (ஒன்றில் விண்டோஸும் லைட்ரூம் கேட்டலாக்கும், இன்னொன்றில் போட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் ஸ்கிராட்ச்), கார்டு ரீடருக்கு 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி, பேக்கப் ஹார்டுடிஸ்குக்கு நாலு சாட்டா. பி650 அல்லது பி850இல் இது எல்லாம் கிடைக்கும். பி650 எடுத்தால் பெட்டியில் ரைசன் 9000 ரெடி என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (போர்டின் உள் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் பட்டன்) உள்ள மாடலாக எடுங்கள். பழைய பயாஸில் புது பிராசஸர் எழுந்திருக்காது.

திண்டுக்கல் ஸ்டுடியோ
பி650, 32x2 வாங்கிவிட்டேன். போர்டில் மிச்சமான காசு ரேமுக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது அவசரம். ராத்திரி நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டில் டிரேம் என்ற இடத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன். ரேம் போய்விட்டதா?

அசெம்பிள் அண்ணாச்சி
ஐயோ, ஆஃப் செய்யாதீர்கள். புது டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும், மெமரி டிரெய்னிங் என்பார்கள். சில நிமிஷம் திரையே வராது. 64 ஜிபிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலாம். நீங்கள் நடுவில் அணைக்க அணைக்க அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறீர்களா? கரண்ட் போனாலும் இதே கதைதான். அப்புறம், எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்?

திண்டுக்கல் ஸ்டுடியோ
பிராசஸர் பக்கத்திலிருந்து 1, 2.

அசெம்பிள் அண்ணாச்சி
அதுதான். 2, 4இல் போட வேண்டும், போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், இரண்டு முனையிலும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தானே இருக்கிறது? பிறகு ஆன் செய்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

திண்டுக்கல் ஸ்டுடியோ
வந்துவிட்டது அண்ணாச்சி! ஆறு நிமிஷம். மனைவி கடிகாரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 4800 என்று காட்டுகிறது. 6000க்குத்தானே காசு கொடுத்தேன்?

ரிச்சி தெரு பழைய ஆள்
ஏமாற்றவில்லை ப்ரோ. பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யும்வரை அப்படித்தான் இருக்கும். ஆன் செய்து சேவ் கொடுத்தால் மறுபடி டிரெய்னிங், மறுபடி கறுப்புத் திரை, பயப்பட வேண்டாம். அதன் பிறகு மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு எரர் வந்தாலும் எக்ஸ்போவை அணைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் வந்தால் வாரண்டியில் கொடுங்கள். ரேமில் கோளாறு இருந்தால் சிஸ்டம் தொங்குவதோடு போகாது. சேவ் செய்த போட்டோவில் கோடு விழும், லேப்பில் பிரிண்ட் ஆகி வந்த பிறகுதான் கண்ணில் படும். எனக்கு ஒரு ரிசப்ஷன் ஆல்பம் அப்படிப் போனது.

திண்டுக்கல் ஸ்டுடியோ
டெஸ்ட் முடிந்தது, எரர் பூஜ்யம், 6000 காட்டுகிறது. ஆறு ஷீட் திறந்து லைட்ரூமும் ஓட்டினேன், 38 ஜிபி. மவுஸ் நிற்கவில்லை. லைட்ரூம் ஏஐ டீனாய்ஸ் (படத்தில் உள்ள புள்ளிகளை நீக்குவது) மட்டும் ஒரு படத்துக்கு இன்னும் நேரம் எடுக்கிறது.

அசெம்பிள் அண்ணாச்சி
அது ரேம் வேலை இல்லை, கிராபிக்ஸ் கார்டு வேலை. உங்கள் பழைய 1650 கார்டில் மெமரி 4 ஜிபிதான். முகூர்த்தம் முடியட்டும், 8 ஜிபிக்குக் குறையாத கார்டாகப் பார்ப்போம். அதுவரை டீனாய்ஸை ராத்திரி மொத்தமாகப் போட்டுவிட்டுப் படுங்கள்.

திண்டுக்கல் ஸ்டுடியோ
சரி அண்ணாச்சி. பழைய 8+8ஐ இதில் காலியாக உள்ள ஸ்லாட்டில் போடலாமா?

கஞ்சன்
டிடிஆர்4 அது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஏறவே ஏறாது. அழுத்தி உடைத்துவிடாதீர்கள். பழைய சிஸ்டத்திலேயே விட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் பில்லுக்கும் கவுண்டரில் வையுங்கள்.